பதினேழாம் நம்பர் கடை

உக்காருங்க தம்பி, அந்த நாற்காலி காலிதான். டோக்கன் எத்தன? நூத்தி நாப்பத்திரெண்டா? எனக்கு நூத்தி முப்பத்தெட்டு. இப்பத்தான் அறுபது ஓடுது. மத்தியானம் ஆயிரும். அவசரப்பட்டு ஒண்ணும் ஆவப் போறதில்ல. நான் எட்டாவது திங்கக்கிழமையா வாரேன், அதனால சொல்லுதேன்.

வாசல்ல ஒங்க தண்ணி பாட்டில மோந்து பாத்தாவளா? எனக்கும் பாத்தாவ. வாராவாரம் பாக்காவ. மண்ணெண்ணெய் வச்சிருக்கோமான்னு. முப்பத்தொரு வருஷம் இதே கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு மாசம் ரெண்டு தடவ வந்து போனவன் நான், பாத்துக்கிடுங்க. பின்னால மஞ்சக் கட்டடம் தெரியுதுல்லா, அதுல ரெண்டாவது மாடிதான் எங்க ஆபீஸு. ஆவரங்குளம் வட்டாரத்துக்குப் புள்ளியியல் ஆய்வாளர். கோமதிநாயகம் சார் வாராருன்னா வாசல்ல நிக்க போலீஸ்காரன் ஒரு சிரிப்பாவது சிரிப்பான். இப்ப நிக்க போலீஸ்காரப் பொண்ணு மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டு 'போங்க தாத்தா'ங்கா.

நீங்க என்ன விஷயமா வந்திய? பட்டாவா? அது நடந்துரும். மெதுவா நடக்கும், ஆனா நடந்துரும். அங்க ஒரு மனுசன் இருக்கான், அவன் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். என் கேஸு அப்படி இல்ல. எனக்கு எதிராளி ஒரு மிஷினு.

மாடல்னு கேள்விப்பட்டிருக்கியளா? வட்டார முன்கணிப்பு மாடல். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல ஓடுது. எந்த ஊரு அடுத்த அஞ்சு வருஷத்துல தேறும், எந்த ஊரு படுத்துரும்னு அது சொல்லிரும். படுக்கப் போற ஊருக்கு வரைபடத்துல செவப்பு அடிப்பாவ. தேறப் போற ஊருக்குப் பச்சை. செவப்பு ஊருக்குத்தான் அரசாங்கம் கை குடுக்கும். மூடின மில்லத் தொறப்பாவ, கடைக்காரனுக்குக் கடன் குடுப்பாவ. பச்சைன்னா ஒண்ணும் கெடையாது, நல்லாத்தான இருக்கான்னு விட்டுருவாவ.

எங்க ஊரு பச்சை.

ஆவரங்குளத்துக்கு நீங்க வந்ததுண்டா? இல்ல, எதுக்கு வரப் போறிய. அங்க ஒரு நூல் மில்லு இருந்துச்சு. முந்நூத்தி எழுவது பேருக்கு வேலை. அஞ்சு வருஷத்துக்கு முன்ன ஒரு தைப்பொங்கலுக்கு லீவு விட்டாவ, விட்ட லீவு விட்டதுதான். என் மருமவன் ஆவுடையப்பன் அதுல ஃபிட்டர். தங்கமான பையன். ஒரு பொட்டப்புள்ளதான் எனக்கு, பிரமு, அவளுக்காகத்தான் உள்ளூர்ல மாப்பிள்ளை தேடிப் பிடிச்சேன். எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தோம். நானு, வீட்டுக்காரி சண்முகவடிவு, மவ, மருமவன், பேத்தி ஒருத்தி. மில்லு மூடினதுக்குப் பொறவு அவன் கெடச்ச வேலைக்கெல்லாம் போனான். மோட்டார் ரிப்பேர், மிக்சி ரிப்பேர். ஆனா ஊர்ல மிக்சி வாங்க ஆளு இருந்தாத்தான ரிப்பேருக்கு வரும்.

மில்லு திரும்பத் தொறப்பாவன்னு அஞ்சு வருஷமா அந்த ஒரு நெனப்புலதான் கெடந்தோம். ஊரே கெடந்துச்சு. மெஷினெல்லாம் உள்ளதான் இருந்துச்சு, துணி போட்டு மூடி. ஆவுடையப்பன் மாசத்துக்கு ஒரு தடவ வாச்மேனக் கெஞ்சி உள்ள போயி எண்ணெய் போட்டுட்டு வருவான். யாரும் சொல்லல, அவனா செய்வான். துரு ஏறிரக் கூடாதுல்லா.

சரி, அந்த மாடலுக்கு நம்ம ஊரு நல்லாருக்கா கெட்டுருக்கான்னு எப்படித் தெரியும்? அதத்தான கேக்கப் போறிய? அதுக்குத்தான் நாங்க இருந்தோம். ஒவ்வொரு ஊர்லயும் நாப்பது கடைய மாதிரிக்குன்னு எடுத்து வச்சிருப்பாவ. மூணு மாசத்துக்கு ஒரு தடவ நான் போயி ஒவ்வொரு கடையிலயும் கேட்டு எழுதணும். எத்தன பேரு வேலை பாக்காவ, யாவாரம் எவ்வளவு, போன தடவைக்கு கூடியிருக்கா கொறஞ்சிருக்கா. நாப்பது கடைக்கு நாப்பது படிவம். அது மெட்ராஸுக்குப் போவும்.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கேளுங்க. போன தடவ எண்ணுக்கும் இந்தத் தடவ எண்ணுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்துச்சுன்னா படிவம் திரும்பி வந்துரும். ஏன் கொறஞ்சது, விளக்கம் குடு. ஏன் கூடிச்சு, விளக்கம் குடு. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு வெள்ளம் வந்துச்சு. கடைத்தெருவுல இடுப்பளவு தண்ணி. நான் உள்ளது உள்ளபடி எழுதினேன். பதினோரு படிவம் திரும்பி வந்துச்சு தம்பி. வெள்ளம் வந்துச்சுன்னு விளக்கம் எழுதினா, வெள்ளம் வந்ததுக்குத் தாசில்தார் சான்று எங்கங்கான். அத வாங்க ஒன்றரை மாசம் அலைஞ்சேன். படிவம் தாமதம்னு மெமோ. எனக்கு அந்த வருஷம் ஊதிய உயர்வு ஆறு மாசம் தள்ளிப் போச்சு. பிரமு அப்ப கைக்கொழந்த.

அதுக்குப் பொறவு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். போன தடவ எண்ண எடுக்கது, மூணு சதவீதம் கூட்டுகது. மூணுன்னா யாரும் கேக்க மாட்டான். ரெண்டுன்னா மந்தம்பான், அஞ்சுன்னா எப்படிம்பான். மூணு பாந்தமா இருக்கும். அதுலேர்ந்து ஒரு படிவம், சத்தியமாச் சொல்லுதேன், ஒரே ஒரு படிவம் திரும்பி வந்ததில்ல. சுதந்திர தினத்துல கலெக்டர் கையால நற்சான்று வாங்கியிருக்கேன். வீட்டு ஹால்ல மாட்டியிருக்கேன், கண்ணாடி போட்டு.

அதுக்காக நான் கடைக்குப் போகாம எழுதுனவன்னு நெனச்சிராதிய. அப்படியும் ஆளுக உண்டு. நான் நாப்பது கடைக்கும் போவேன். உக்காந்து டீ குடிப்பேன். கஷ்டம் நஷ்டம் எல்லாம் கேப்பேன். பொறவுதான் மூணு கூட்டுவேன்.

பதினேழாம் நம்பர் கடை தவசிக்கனி அண்ணாச்சியோட பாத்திரக்கடை. மில்லு ஓடுன காலத்துல கல்யாண மாசம்னா அந்தக் கடையில நிக்க எடம் கெடைக்காது. நாலு பேரு வேலை பாத்தாவ. மில்லு மூடினதும் ஒவ்வொருத்தனா அனுப்பிட்டாரு. கடைசில ஒரு நாள் நான் படிவத்தோட போறேன், மனுசன் ஷட்டரப் பாதி எறக்கி வச்சிட்டு, உள்ள இருட்டுல உக்காந்திருக்காரு. சரக்கெல்லாம் திருப்பி அனுப்பியாச்சு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சாரு. 'கோமதி சார், மூடிட்டேன்னு மட்டும் எழுதிராதிய. தை பொறந்ததும் தொறந்துருவேன். கவர்மெண்டுல மூடினதுன்னு பதிஞ்சிட்டா எனக்கு அசிங்கமா இருக்கும்'னாரு. அழுதுட்டாரு தம்பி. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. எப்படி எழுத மனசு வரும்? எழுதல. நாலு பேரு வேலை, யாவாரம் மூணு சதவீதம் கூடுதல்னு போட்டேன்.

தை பொறந்துச்சு, தொறக்கல. ஒரு கடைய மாத்தணும்னா நாலு நகல்ல மனு போடணும், அதே தெருவுல அதே யாவாரம் பண்ணுத வேற கடையக் காட்டணும். அந்தத் தெருவுல வேற பாத்திரக்கடை ஏது? அதனால பதினேழாம் நம்பர் கடை நடந்துச்சு. நல்லாவே நடந்துச்சு. போன ஐப்பசில அண்ணாச்சி தவறிட்டாரு. எடுத்துப் போட ஆளு வரதுக்கே சாயங்காலம் ஆயிருச்சு. கடை இப்பவும் நடக்கு.

அது ஒரு கடை. அப்படியே ஒண்ணொண்ணா, நான் ரிட்டயர் ஆகும்போது நாப்பதுல இருவத்திமூணு மூடியாச்சு. படிவத்துல நாப்பதும் திறந்துதான் இருந்துச்சு. ஒரு கடைக்காரனும் என்னால அசிங்கப்பட்டான்னு சொல்லப்படாது, அந்தத் திருப்தி எனக்கு உண்டு.

டோக்கன் எத்தன கூப்பிடுதான்? எழுவத்தொண்ணா? ம்.

போன வருஷம் ஆனி மாசம் ரிட்டயர் ஆனேன். எனக்குப் பதிலா பொன்செல்வின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. தேர்வெழுதி வந்த பொண்ணு, நல்ல சூட்டிகை. ஊரெல்லாம் நடந்து பாத்துட்டு, இருவத்திமூணு கடை மூடிக் கெடக்குன்னு அப்படியே எழுதி அனுப்பிருச்சு. பதினேழாம் நம்பர்ல வேலை பாக்கது பூஜ்யம், யாவாரம் பூஜ்யம். எழுதலாமா? முதல் படிவத்துலயே! இருவத்திமூணும் திரும்பி வந்துருச்சு. கூடவே மெமோ. நேரா எங்க வீட்டுக்கு வந்து ஹால்ல உக்காந்து அழுவுது. தகுதிகாண் பருவம் முடியல, அப்பா கெடையாது, தம்பி படிக்கான், இந்த வேலை போனா அவ்வளவுதான் சாருன்னு அழுவுது. என் மவ மாதிரி ஒரு பொண்ணு. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?

பழைய எண்ண எல்லாம் ஒரு நோட்டுல வச்சிருந்தேன். எடுத்துக் குடுத்தேன். பக்கத்துல உக்கார வச்சு இருவத்திமூணு கடைக்கும் மூணு மூணு கூட்டி நானே போட்டுக் குடுத்தேன்.

அன்னைக்குத்தான் எங்க வீட்டுல முதல் சத்தம். காப்பி கொண்டாந்த சண்முகவடிவு தம்ளரக் கீழ வைக்காமலே நிக்கா. 'அந்தப் பொண்ணு மொதல்ல எழுதினதுதான நெசம்? அதையே திரும்ப அனுப்பட்டும், கடை மூடிக் கெடக்குன்னு ஊரே சாட்சி சொல்லுமே'ங்கா. நான் சொன்னேன், ஏட்டி, ஆபீஸ் விஷயத்துல தலையிடாத, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. மருமவன் ஃபேனக் கழத்தி வச்சு தொடச்சுக்கிட்டிருந்தான். 'மாமா, இந்த எண்ணெல்லாம் எங்க போவுது?'ன்னு கேட்டான். மெட்ராஸுக்கு, மாடலுக்குன்னேன். ஃபேனையே தொடச்சுக்கிட்டு இருந்தான்.

அந்தக் காலாண்டு எண்ண வச்சுத்தான் மாடல ஓட்டியிருக்கானுவ. அது எனக்கு எப்படித் தெரியும்?

தை மாசம் அதிகாரிக வந்தாவ. எங்க ஊரு கல்யாண மண்டபத்துல கூட்டம். மில்லு ஆளுக பூரா பொண்டாட்டி புள்ளையோட வந்து உக்காந்திருக்காவ. கல்யாணத்துக்கு வந்த மாதிரி பட்டுச்சேல கட்டி வந்த பொம்பளைகளும் உண்டு, மில்லு தொறக்கப் போறான்னு நெனச்சு. மெட்ராஸ்லேர்ந்து வந்த அதிகாரி நல்லாப் பேசுனாரு. மரியாதையான மனுசன். தெரையில வரைபடத்தப் போட்டாரு. எங்க மாவட்டத்துல ஆறு ஊரு செவப்பு. அதுல மூணு ஊர்ல மூடின மில்லத் தொறக்கப் போறாவளாம். ஆவரங்குளம் பச்சைப் பசேல்னு இருக்கு. 'உங்க ஊரு கடைத்தெரு அஞ்சு வருஷமா விடாம வளந்துக்கிட்டு வருது. மில் மூடினதக் கூடத் தாங்கிக்கிட்டு வளருது. இந்த ஊரு தானாவே எழுந்துக்கிடும்'ங்காரு. சிரிச்ச முகமாச் சொல்லுதாரு, நல்ல சேதி சொல்லுத மாதிரி.

நான்தான் எந்திரிச்சேன். 'ஐயா, எந்தக் கடைத்தெரு வளந்திருக்கு? வெளிய வாங்க, காட்டுதேன். நாய் படுத்திருக்கு'ன்னேன். ஒரே கைதட்டு. என் சர்வீஸ்ல எனக்கு அப்படிக் கைதட்டுனதில்ல. அவரு பொறுமையாச் சொல்லுதாரு, 'ஐயா, நாங்க எதையும் கூட்டல கொறைக்கல. உங்க ஊர்லேர்ந்து வந்த தகவல்தான்'னு. எப்படிப் பேச்சு பாருங்க! பழிய எங்க ஊரு மேலேயே போடுதாரு.

நான் கேக்கேன் தம்பி, நீங்களே சொல்லுங்க. வருஷக்கணக்கா ஒரு ஊர்ல நாப்பது கடையும் ஒரே மாதிரி மூணு மூணு ஏறுது. வெயிலு மழைக்குக் கூட அசையல. அதப் பாத்து ஒரு சந்தேகம் வரவேண்டாமா அந்த மிஷினுக்கு? இது எப்படிடா நடக்கும்னு நம்ம ஊருச் சின்னப் புள்ள கேக்குமே! கோடிக்கணக்குல செலவு பண்ணி வாங்கி வச்சிருக்கான், அதுக்கு இந்தப் புத்தி கெடையாது. அதத்தான் மனுவுல எழுதியிருக்கேன். ஆவரங்குளத்துக்குச் செவப்பு அடின்னு.

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தோம். யாரும் சாப்பிடல. ஆவுடையப்பன் கேட்டான், 'மாமா, அந்தப் பாத்திரக்கடையில நாலு பேரு வேலை பாக்காவல்லா, எனக்கும் அங்க ஒரு வேலை போட்டுக் குடுங்களேன்'னு. குசும்பு புடிச்சவன். நான் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கல.

பங்குனில மில்லு மெஷின ஏலம் விட்டாவ. ஒம்பது லாரி. எடைக்குப் போட்டாவ தம்பி, பழைய இரும்புன்னு. ஆவுடையப்பன் கேட்டுக்கு வெளிய நின்னு கடைசி லாரி போற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னான். அவன் எண்ணெய் போட்ட மெஷினு, சக்கரத்தக் கையால தள்ளுனா சுத்துமாம். ஏலக்காரனே சொன்னானாம், இவ்வளவு நல்ல கண்டிஷன்ல எடைக்கு வாங்குனதில்லன்னு. அத வந்து வீட்டுல சொல்லிட்டு, மூஞ்சியக் கழுவிக்கிட்டுப் போயிப் படுத்துட்டான்.

பேத்தி பரீட்சை முடிஞ்சதும் பல்லடம் பக்கம் ஒரு மில்லுக்குப் போயிட்டாவ, மூணு பேரும். ஒரே ரூம்புதானாம், தகர ஷெட்டு. அங்க இவன் ஃபிட்டர் இல்ல, மூட்டை தூக்குதான். பிரமு போகும்போது என் கால்ல விழுந்து கும்பிட்டா. அவ கோவிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கு, இந்தா குடிக்கேன். மோந்து பாத்த தண்ணிதான்.

இங்க நாலாவது திங்கக்கிழமை வந்தப்ப எங்க பழைய ஆபீஸுல ஒரு அதிகாரி கூப்பிட்டுப் பேசுனாரு. 'சார், மாடல மறுபடி ஓட்டலாம். வழி இருக்கு. அடிப்படைத் தகவல் தப்புன்னு அத எடுத்தவங்க எழுத்துமூலமாக் குடுக்கணும், அவ்வளவுதான்'னாரு. வீட்டுக்கு வந்து சண்முகவடிவுகிட்ட சொன்னேன். அவ அந்த நிமிஷமே பேத்தி விட்டுட்டுப் போன நோட்டுலேர்ந்து ஒரு தாளக் கிழிச்சு, பேனாவையும் கொண்டாந்து முன்னால வச்சா. எழுதுங்கங்கா. நல்ல கூத்து! எழுதினா என்ன ஆகும்? அந்தப் பொன்செல்விக்கு வேலை போயிரும். பாவம் இல்லையா? என் பென்ஷனுக்கும் ஏதாவது... அத விடுங்க. அந்த வெள்ளத்துக்குப் பொறவு ஒரு படிவம் திரும்பி வராத ஆளு, எல்லாம் தப்புன்னு எழுதிக் குடுக்கணுமாம். தப்பு யாரு மேல? மிஷினு மேல.

எழுத மாட்டேன்னேன். அவ அந்தத் தாள மடிச்சு எடுத்துக்கிட்டா. மறுநாளு பேத்தியப் பாத்துக்க ஆளு இல்லன்னு பல்லடத்துக்குப் பஸ் ஏறிட்டா. நாலு நாள்ல வந்துருவேன்னு சொல்லல, எப்ப வருவேன்னும் சொல்லல. ஆடியும் போயி ஆவணி வந்துருச்சு. வருவா. ரூம்பு சின்னதுல்லா, எத்தன நாளைக்கு இருக்க முடியும்?

இந்தாங்க, போன மனுவுக்கு வந்த பதிலப் பாருங்க. கண்ணாடி இருக்கா? நானே வாசிக்கேன். 'மாதிரிக் கடைகளில் எடுத்த அண்மைத் தகவலின்படி தங்கள் ஊரில் வணிகம் சீராக வளர்ந்து வருகிறது. எடுத்துக்காட்டாக, பதினேழாம் எண் பாத்திரக்கடையில் நான்கு பணியாளர்கள் உள்ளனர்.' கேட்டியளா? நாலு பணியாளர்களாம். கடைக்காரரே செத்துப் போயாச்சு. இவனுவகிட்ட என்னன்னு பேசுகது!

எண்பதாச்சா? இன்னும் கெடக்கு.

போன வாரம் பொன்செல்வி வீட்டுக்கு வந்துச்சு. எங்க வீடு குடும்பக் கணக்கெடுப்புல மாதிரி வீடா விழுந்திருக்கு, போன வருஷமும் எடுத்தாவ, இந்த வருஷமும் எடுக்கணும். இப்ப அந்தப் பொண்ணு நல்லாத் தேறிருச்சு. ஒரு படிவம் திரும்பி வரதில்லையாம். செருப்பக் கழத்திப் போட்டுட்டு வந்து ஹால்ல உக்காந்துச்சு. காப்பி போட்டுக் குடுக்க ஆளு இல்ல, தண்ணி குடுத்தேன். படிவத்த விரிச்சு வச்சுக்கிட்டு, நிமுந்து பாக்காம, 'சார், குடும்ப உறுப்பினர் போன தடவ அஞ்சு'ன்னுச்சு.

நான் அடுக்களப் பக்கம் பாத்தேன். அதுவும் பாத்துச்சு. தெரியாமலா இருக்கும், ஒரே ஊருதான.

'அஞ்சுதாம்மா'ன்னேன்.

எழுதிக்கிட்டுச்சு. சம்பாதிக்கவங்க எத்தன பேருன்னு கேட்டுச்சு. மருமவன் ஒருத்தன்னேன், மில்லுல ஃபிட்டர்னேன். குடும்ப வருமானம்னு கேக்கும்போது பேனாவ நிறுத்திட்டு என்னையப் பாத்துச்சு. ஒனக்குத்தான் தெரியுமே, மூணு கூட்டிக்கோன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதிச்சு. வீட்டுல படிக்கிற குழந்தை உண்டான்னு கடைசிக் கேள்வி. போன தடவ ரெண்டாம் வகுப்புன்னு இருக்கு சாருன்னுச்சு.

இங்கன தெரு முக்குல இருக்க ஸ்கூல்தான், இப்ப மூணாம் வகுப்புன்னு எழுதிக்கோம்மான்னேன். ஒரு வருஷம் வளந்திருப்பால்லா.